கலைந்த கூந்தல் என்னும் கட்டுக்கதை

நம் இலக்கிய மரபில் மிகப் புகழ்பெற்ற விமர்சனச் சண்டை ஒரு பெண்ணின் கூந்தலைப் பற்றியது. பாண்டியனுக்கு ஓர் ஐயம்: பெண்களின் கூந்தலுக்கு மணம் இயற்கையிலேயே உண்டா, அல்லது பூவாலும் புகையாலும் வந்து சேர்வதா? தீர்த்துவைப்பவருக்குப் பொற்கிழி. தருமி பாடலோடு வருகிறான், நக்கீரர் பொருட்குற்றம் காண்கிறார், பாடலை எழுதிக்கொடுத்த இறைவனே அவைக்கு வந்து வாதிடுகிறார். விவகாரம் நெற்றிக்கண் வரை போகிறது. பதினெட்டு ஆண்டுகளாக இக்கதையை வகுப்பில் சொல்லிவருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் பின்வரிசையிலிருந்து மாணவி ஒருத்தி எழுந்து, "அம்மா, ராணி அரண்மனைலதானே இருந்தாங்க? அவங்கள ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?" என்றாள். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன்.

அக்கேள்வியை நான் மறந்தே போயிருப்பேன். பாரிஸ் பயணக் கட்டுரைகள் மறக்கவிடவில்லை. நம்மவர் எழுதுவதாயினும் சரி, அமெரிக்க, ஆங்கிலேய அழகுக்கலை இதழ்கள் எழுதுவதாயினும் சரி, ஒரு பத்தி அவற்றில் தவறுவதில்லை. ஈஃபெல் கோபுரம் ஆயிற்று, லூவ்ர் ஆயிற்று, செய்ன் நதிப் படகு ஆயிற்று; பிறகு நடைபாதையில் நாற்காலி போட்ட ஒரு காப்பிக்கடை. எதிர் மேசையில் ஓர் இளம்பெண். அவளுடைய கூந்தல் வாரப்படாமல் கலைந்து கிடக்கிறது. அல்லது கழுத்தளவில் கத்தரிக்கப்பட்டிருக்கிறது. அல்லது ஒரு பென்சிலைச் செருகிக் கொண்டையாக்கப்பட்டிருக்கிறது. உடனே தீர்ப்பு வந்துவிடும்: பிரெஞ்சுப் பெண்கள் தங்கள் கூந்தலைப் பற்றிக் கவலைப்படுவதேயில்லை, அதுதான் அவர்களது அழகின் இரகசியம். இயல்பு, பாரிஸுக்கே உரிய நளினம், சுதந்திரம் ஆகிய மூன்று சொற்களும் அப்பத்தியில் எப்படியேனும் வந்து அமர்ந்துவிடும்.

இம்மூன்றும் பொய் என்பது என் வாதம். எழுதுபவர்கள் வேண்டுமென்று பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. பார்த்ததை எழுதுகிறார்கள், பார்த்தவளிடம் கேட்பதில்லை. இப்படி உறுதியாகச் சொல்ல எனக்கு ஒரு தகுதி உண்டு. அந்தப் பத்தியை நானே எழுதியிருக்கிறேன்.

*

2019 கோடை விடுமுறையில் மூன்று வாரம் பாரிஸுக்கு வடக்கே சார்செல் நகரில் என் அக்காள் வீட்டில் தங்கியிருந்தேன். அக்காள் கணவரின் குடும்பம் புதுச்சேரியின் 'சொல்தா' குடும்பங்களுள் ஒன்று. 1962-இல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்டவர்கள். அவர்களுடைய மகள், என் மகள் முறையானவள், அங்கேயே பிறந்து வளர்ந்தவள். அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது.

நாள்தோறும் புறநகர் இரயிலில் பாரிஸுக்குப் போவேன். கையில் ஒரு குறிப்பேடு. மெட்ரோவிலும் பூங்காக்களிலும் கண்ட இளம்பெண்களின் சிகையலங்காரங்களை ஒரு பட்டியலாகவே எழுதிவைத்தேன். புருவத்தைத் தொடும் நெற்றிமுடி. காதோரம் மட்டும் நீண்டு பிடரியில் குறுகும் வெட்டு. ஈரம் உலராமலே விரித்துவிட்ட தோளளவுக் கூந்தல். எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னியே வளர்ந்த எனக்கு அது பொறாமையாகவும் இருந்தது. ஊர் திரும்புவதற்கு முந்தைய இரவு அக்குறிப்புகளைக் கட்டுரையாக்கி அக்காள் மகளிடம் வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டாள். முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு சித்தி. ஆனா இதுல நான் எங்க இருக்கேன்?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. "நானும் பிரெஞ்சுக்காரிதானே?" என்றாள். அவளுக்கு அவளுடைய பாட்டியின் முடி: அடர்த்தியான, அடங்காத சுருள். நான் அங்கிருந்த மூன்று வாரமும் அது நேராகத்தான் இருந்தது. நான் கவனிக்கவேயில்லை. முந்தைய ஆண்டு ஒரு கடையில் பயிற்சி வேலைக்குச் சென்றபோது, முடியை 'ஒழுங்காக' வைத்துக்கொண்டு வரும்படி மேலாளர் அம்மையார் கனிவாகச் சொன்னாராம். அன்றிலிருந்து விடியலில் எழுந்து சூடான கருவியால் ஒவ்வொரு கற்றையாக இழுத்து நேராக்கிக்கொண்டிருந்தாள். குளியலறை ஏன் அவ்வளவு நேரம் தாழிட்டே கிடக்கிறது என்று நான் அக்காளிடம் சலித்துக்கொண்ட காலைகள் அவைதாம். நேராக்கி முடித்தபின் இயல்பாகத் தோன்ற வேண்டும் என்பதற்காக விரல்களால் மறுபடி கலைத்துவிடுவாளாம். வெளியே மெட்ரோவில் அந்தக் கலைவைத்தான் நான் தேடித் தேடிக் குறித்துக்கொண்டிருந்தேன்.

அக்கட்டுரையை நான் எங்கும் அனுப்பவில்லை. அதற்குப் பிறகு படித்தறிந்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

*

முதலில் இயல்பு என்னும் சொல். உலகின் மிகப்பெரிய அழகுசாதன நிறுவனமான லோரியால் ஒரு பிரெஞ்சு நிறுவனம். அது தொடங்கியது வாசனைத் தைலத்தாலோ முகப்பூச்சாலோ அன்று, கூந்தல் சாயத்தால். ஒய்ழேன் ஷுவெல்லேர் என்னும் இளம் வேதியியலாளர் தாம் உருவாக்கிய சாயத்தைப் பாரிஸின் சிகையலங்காரக் கடைகளுக்கு விற்று, 1909-இல் அந்நிறுவனத்தை நிறுவினார். கூந்தலைப் பற்றிக் கவலைப்படாத பெண்களின் நாட்டில் கூந்தல் சாயத்தின்மேல் இத்தனை பெரிய மாளிகை எப்படி எழும்பியது என்று நம் பயணக் கட்டுரையாளர் ஒருவரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

படுக்கையிலிருந்து எழுந்து வந்ததுபோன்ற கூந்தலின் மூலப்படிமமாக எல்லோரும் காட்டுவது பிரிஜித் பார்தோவை. அவருடைய புகழ்பெற்ற அலங்காரத்துக்குப் பிரெஞ்சில் 'ஷுக்ரூத்' என்று பெயர். புளிக்கவைத்த முட்டைக்கோசுத் துருவலில் செய்யும் உணவு அது. முடியை வேர்ப்பக்கமாக எதிர்த்திசையில் சீவிச் சீவிப் பம்ப வைத்து, மேலே குவித்து, ஊசி செருகி, பிறகு சில கற்றைகளை மட்டும் நழுவவிட வேண்டும். ஒரு கொண்டை போடுவதைக் காட்டிலும் கொண்டை சரிந்ததுபோல் காட்டுவதற்குக் கூடுதல் வேலை. குட்டை வெட்டுக்கும் இதே கதைதான். நீண்ட முடிக்காரி ஆறு மாதம் கடைப்பக்கம் போகாமல் இருந்துவிடலாம். கழுத்தளவு முடியும் நெற்றிமுடியும் சில வாரத்தில் உருக்குலைந்துவிடும். அந்த 'அலட்சியத்தை'க் காப்பாற்ற அவள் திரும்பத் திரும்ப அந்த நாற்காலியில் போய் அமர வேண்டும், காசும் கொடுக்க வேண்டும்.

இன்னும் பின்னால் போனால் செயற்கையை மறைக்கக்கூட முயலாத காலம் ஒன்று உண்டு. 1770-களில் லெயோனார் என்னும் சிகையலங்காரர் அரசி மரி அந்த்துவானெத்தின் தலையில் எழுப்பிய 'பூஃப்' அலங்காரங்கள் முழ உயரத்துக்கு நின்றன. 1778-இல் பிரிட்டிஷ் கப்பலோடு பொருதிய 'பெல் பூல்' என்னும் போர்க்கப்பலின் உருவைப் பாய்மரத்தோடு தலையில் தாங்கிய அலங்காரமும் அக்காலத்துச் சித்திரங்களில் உண்டு. அத்தலைகளின்மேல் தூவிய வெண்பொடிக்கு மூலப்பொருள் தானிய மாச்சத்து. 1775-இல் ரொட்டி விலையேற்றத்தை எதிர்த்துக் கலகம் மூண்டது. வரலாற்றில் அதற்கு 'மாவுப் போர்' என்றே பெயர். கூந்தலுக்கும் அடுப்புக்கும் உள்ள உறவை அந்நாட்டு ஏழைகள் நன்கறிந்திருந்தனர்.

*

அடுத்தது, அந்த நளினம் பாரிஸின் காற்றிலேயே இருக்கிறது என்னும் நம்பிக்கை. வெளியூர்க்காரர் பலர் இதைப் பிறவிக்குணம்போலவே எழுதுகிறார்கள். அவர்கள் காட்டும் முகங்களை வரிசையாக எடுத்துப் பார்ப்போம்.

நெற்றிமுடிக்கு இன்றளவும் இலக்கணமாகச் சுட்டப்படும் ஜேன் பிர்க்கின் இலண்டனில் பிறந்த ஆங்கிலேயர். 2023-இல் பாரிஸில் காலமானவர். 1960-களின் பிரெஞ்சுப் புதிய அலைப் படங்களில் அதே நெற்றிமுடியோடு வந்த அன்னா கரினா டென்மார்க்கில் பிறந்தவர். ஆண்பிள்ளைபோல ஒட்ட வெட்டிய முடியோடு ஷான்ஸ் எலிஸே சாலையில் செய்தித்தாள் விற்றுக்கொண்டு வருகிறாளே, கோதாரின் 1960-ஆம் ஆண்டுப் படத்தில் ஒரு பெண்? அந்த ஜீன் சீபெர்க் அமெரிக்காவின் அயோவா மாநிலத்துக்காரர். கதைப்படியும் அவள் அமெரிக்கப் பெண்தான். ஆனால் அந்த வெட்டைப் பாரிஸின் சொத்தாக உலகம் பதிவுசெய்துகொண்டுவிட்டது. அரசி மரி அந்த்துவானெத்தும் வியன்னாவிலிருந்து வந்த மருமகள்தான்.

குட்டைமுடியின் கதை இன்னும் சுவையானது. நவீனப் பாரிஸில் அதைத் தொடங்கிவைத்தவராகச் சொல்லப்படும் அந்துவான் போலந்துக்காரர். இயற்பெயர் அந்தோனி செர்ப்லிகோவ்ஸ்கி. 1909-இல் நடிகை எவ் லவால்லியேருக்கு அவர் அவ்வாறு வெட்டிவிட்டபோது மனத்தில் கொண்டிருந்த மாதிரி ழான் தார்க். சீபெர்க்கின் முடி முதலில் வெட்டப்பட்டதும் ழான் தார்க்காக நடிப்பதற்குத்தான், 1957-இல் வெளிவந்த ஓர் ஆங்கிலப் படத்துக்காக. இரு வழியாகப் போனாலும் நாம் வந்து சேர்வது அந்த ஒரு பெண்ணிடம். 1431-இல் ரூவான் நகரில் அவளை விசாரித்தவர்கள் சுமத்திய குற்றச்சாட்டுகளில் ஆண்களைப்போல் முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டதும் ஒன்று. அவ்வாண்டு மே 30 அன்று அவளை எரித்தார்கள். இன்று உலகமெங்கும் இளம்பெண்கள் 'பாரிஸ் வெட்டு' என்று கேட்டு வாங்கிக்கொள்வதன் வேரில் ஒரு குற்றப்பத்திரிகை இருக்கிறது.

*

குற்றப்பத்திரிகை என்ற சொல் வந்துவிட்டதால் சுதந்திரத்துக்கும் வந்துவிடுவோம். கூந்தலை விருப்பம்போல் வைத்துக்கொள்ளும் உரிமை பிரெஞ்சுப் பெண்ணுக்கு எப்போதும் இருந்ததுபோலவே நம் கட்டுரைகள் பேசுகின்றன.

1922-இல் விக்தோர் மார்கெரித் 'லா கார்சோன்' என்னும் நாவலை வெளியிட்டார். தலைப்பின் பொருள் ஏறத்தாழ 'ஆண்பிள்ளைப் பெண்'. வஞ்சிக்கப்பட்ட நாயகி முடியை வெட்டிக்கொண்டு, தானே சம்பாதித்து, தான் விரும்பியபடி வாழ்கிறாள். நாவல் இலட்சக்கணக்கில் விற்றது. ஆசிரியருக்கு நாடு அளித்திருந்த 'லெழியோன் தொனேர்' விருது பறிக்கப்பட்டது. குட்டைமுடிக்கே 'கார்சோன் வெட்டு' என்ற பெயர் நிலைத்துவிட்டது. இன்று அது ஒரு நாகரிகத்தின் பெயர். அன்று அது ஒரு வசவு.

அதன்பின் 1944. இந்த ஆண்டை அறியாமல் பிரெஞ்சுப் பெண்களின் கூந்தலைப் பற்றி ஒருவர் எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அவ்வாண்டு ஏப்ரல் 21 அன்று பிரெஞ்சுப் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கும் ஆணை பிறந்தது. அதே கோடையில் ஜெர்மானியப் படை பின்வாங்க, விடுதலையடைந்த ஊர்களின் சதுக்கங்களில் நாற்காலிகள் போடப்பட்டன. எதிரியோடு உறவாடியவர்கள் என்று குற்றஞ்சாட்டப்பட்ட பெண்களை அவற்றில் உட்காரவைத்துத் தலையை மழித்தார்கள். இதை விரிவாக ஆராய்ந்த வரலாற்றாசிரியர் ஃபாப்ரீஸ் விர்ஜிலி, அவ்வாறு மழிக்கப்பட்டோர் சுமார் 20,000 பேர் என்று மதிப்பிடுகிறார். அவர்கள் அனைவரும் ஜெர்மானியனைக் காதலித்தவர்கள் அல்லர். துணி துவைத்துக் கொடுத்தவள், அலுவலகத்தில் வேலை பார்த்தவள், அண்டை வீட்டாரின் பகையைச் சம்பாதித்தவள் ஆகியோரும் உண்டு. எதிரியோடு வணிகம் செய்து பொருள் சேர்த்த ஆண்கள் பலர் இருந்தனர். சதுக்கத்து நாற்காலி அவர்களுக்காகப் போடப்பட்டதன்று.

ஆகஸ்டு 16 அன்று ஷார்த்ர் நகரில் ராபர்ட் காப்பா எடுத்த புகைப்படத்தை நண்பர்கள் பார்த்திருக்கக்கூடும். மழித்த தலையோடு கைக்குழந்தையை அணைத்துக்கொண்டு ஒரு பெண் நடக்கிறாள். சுற்றிலும் ஊர் சிரிக்கிறது. சிரிப்பவர்களில் பெண்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய கூந்தல் நன்றாக வாரப்பட்டிருக்கிறது. போல் எல்யுவார் அவ்வாண்டே இப்பெண்களுக்காக ஒரு கவிதை எழுதினார். மார்கெரித் த்யுராஸ் எழுத்தில் அலென் ரெனே 1959-இல் இயக்கிய 'ஹிரோஷிமா மோன் அமூர்' படத்தின் நாயகியும் நெவேர் நகரில் அவ்வாறு மழிக்கப்பட்டு நிலவறையில் அடைபட்டவளே. முடி மீண்டும் வளரும் காலமே அவளுடைய துயரத்தின் காலக்கணக்கு. நம் சிற்றிதழ்க்காரர்கள் இப்படத்தைப் பலமுறை திரையிட்டு விவாதித்தவர்கள். அவர்களிலிருந்தே பாரிஸ் சென்று, 'இங்கே கூந்தல் சுதந்திரமாகப் பறக்கிறது' என்று எழுதுபவர்களும் வருகிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

*

இவை பழங்கதை, இன்று அப்படியில்லை என்பீர்கள். இன்றைக்கே வருகிறேன்.

பாரிஸின் பத்தாம் வட்டாரத்தில் ஷாத்தோ தோ என்னும் மெட்ரோ நிலையம். படியேறி வெளியே வந்தால் புல்வார் தெ ஸ்திராஸ்பூர் சாலை. இருமருங்கிலும் ஆப்பிரிக்கச் சிகையலங்காரக் கடைகள். தலையோடு ஒட்டிய சன்னப் பின்னல்கள், நூற்றுக்கணக்கில் தொங்கும் மெல்லிய சடைகள், முடி நேராக்கும் மருந்துகள், சவுரிமுடிகள். மணிக்கணக்கில் ஒருத்தி அமர்ந்திருக்க, இருவர் நின்று பின்னுகிறார்கள். இளம் பிரெஞ்சுப் பெண்களின் கூந்தலைக் காண விரும்பும் அயலார் போகவேண்டிய முதல் இடம் இது. எந்தப் பயணக் கட்டுரையிலும் நான் இதைப் பார்த்ததில்லை. 2014-இல் இச்சாலைக் கடையொன்றின் ஊழியர்கள், குடியேற்ற ஆவணம் இல்லாதவர்கள், கொடுபடாத கூலிக்காகத் தொழிற்சங்கத்தின் துணையோடு கடையை விட்டு நகராமல் வேலைநிறுத்தம் செய்தார்கள் என்ற செய்தியும் நம் அழகியல் குறிப்புகளை எட்டவில்லை.

அக்கடைகளின் கண்ணாடிப் பேழைகளில் கட்டுக் கட்டாகத் தொங்கும் முடிக்கு ஊர்ப்பெயர்கள் உண்டு. 'இந்திய முடி' என்பது அதில் உயர்ந்த பெயர்களுள் ஒன்று. திருமலையில் பக்தர்கள் இறக்கிய முடி ஏலம் போய்க் கடல் கடப்பது நாமறிந்ததே. பாரிஸ் வீதியில் ஒரு கூந்தலைக் கண்டு நம்மவர் மயங்கும்போது, அது அவர் ஊர்ப் பக்கமிருந்து வந்ததாகவும் இருக்கக்கூடும்.

சரி, சடைபின்னிய தலையோடு வேலைக்குப் போனால் என்ன ஆகும்? ஏர் பிரான்ஸ் விமானப் பணியாளர் ஒருவர் தம் பின்னல்களைக் கொண்டையாக முடிந்து வந்தபோது, 2005-இல் விமானத்தில் ஏறவிடவில்லை. அதன்பின் பணியாற்றுவதற்காக அவர் பொய்முடி அணியவேண்டியிருந்தது. வழக்கு உச்ச முறையீட்டு நீதிமன்றம் வரை சென்று, 2022 நவம்பர் 23 அன்று அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பாயிற்று. அவர் ஆண். பெண் ஊழியருக்கு அனுமதித்த பின்னலை ஆணுக்கு மறுத்தது பால் பாகுபாடு என்பதே தீர்ப்பின் அடிப்படை. அந்தக் கூந்தலின் தன்மையையே காரணமாக்கி விலக்கினால் என்ன செய்வது என்ற வினாவுக்குத் தீர்ப்பில் விடையில்லை. அதனால்தான் குவாதலூப் தீவின் உறுப்பினர் ஒலிவியே செர்வா, முடியின் வெட்டு, நிறம், நீளம், தன்மை ஆகியவற்றை வைத்துப் பாகுபடுத்துவதைத் தடைசெய்யும் மசோதாவைக் கொண்டுவந்தார். 2024 மார்ச் 28 அன்று தேசிய சட்டமன்றம் 44-க்கு 2 என்ற வாக்கில் அதை ஏற்று செனட்டுக்கு அனுப்பியது. கூந்தல் காற்றில் சுதந்திரமாகப் பறக்கும் நாட்டில் கூந்தலுக்கு ஒரு பாதுகாப்புச் சட்டம் ஏன் தேவைப்பட்டது?

பள்ளி வாயிலையும் சேர்த்துக்கொள்ளலாம். 2004 மார்ச் 15-ஆம் நாள் சட்டம், வெளிப்படையான மதச் சின்னங்களை அரசுப் பள்ளிகளில் அணிவதைத் தடைசெய்தது. முக்காடிட்ட மாணவி வாயிலில் அதைக் களைந்து உள்ளே போகிறாள். மாலையில் அணிந்துகொண்டு வெளியே வருகிறாள். அச்சட்டம் தேவை என்று வாதிடும் பெண்ணியர் அங்கே உண்டு, அநீதி என்போரும் உண்டு. அதைத் தீர்த்துவைப்பது என் வேலையன்று. ஆயினும் காப்பிக்கடை நாற்காலியிலிருந்து பார்ப்பவருக்கு அந்த மாணவி தென்படவே மாட்டாள். அவளும் இளம் பிரெஞ்சுப் பெண்தான்.

ஷாத்தோ தோவிலிருந்து ஃபோபூர் சேன் தெனி தெருவைப் பிடித்து வடக்கே நடந்தால், வடக்கு இரயில் நிலையத்தைத் தாண்டி லா ஷப்பெல் வந்துவிடும். பலசரக்குக் கடைகள், சேலைக் கடைகள், மல்லிகைச் சரம். ஆண்டுதோறும் கோடை முடிவில் இவ்வட்டாரத்தில் பிள்ளையார் தேர் வரும்போது பூச்சூடிப் பின்னலிட்டு வரும் பெண்களில் பலர், ஈழத்திலிருந்து உயிர்தப்பி வந்தவர்களின் பிள்ளைகள். பிரெஞ்சுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள். அவர்களைப் பார்த்தால் நம் எழுத்தாளர் 'அடடா, நம்மூர்ப் பெண்கள்!' என்று நெகிழ்வார். பிரெஞ்சுப் பெண்கள் என்ற தலைப்பின் கீழ் எழுத மாட்டார். நானும் எழுதவில்லை.

*

இதற்கு ஒரு மறுப்பு எழும் என்பதை அறிவேன். 'பயணி கண்டு இரசித்ததை எழுதுகிறான். ஒரு கூந்தலை இரசிக்கக்கூட வரலாறும் சட்டமும் படிக்க வேண்டுமா? அயலான் கண் என்பதே குற்றமா?'

இல்லை. அயலார் கண்ணுக்கு ஒரு கூர்மை உண்டு; உள்ளூராருக்குப் பழகிப்போனது அவர்களுக்குத்தான் படும். 1840-இல் தாமஸ் அடால்ஃபஸ் ட்ரோலப் என்னும் ஆங்கிலேயர் பிரெஞ்சு நாட்டின் பிரித்தானி மாகாணத்தில் சுற்றி ஒரு பயணநூல் எழுதினார். அங்கே குடியானவப் பெண்கள் முடி வெளியே தெரியாதபடி வெண்துணித் தொப்பி அணிவார்கள். எனவே இரசிப்பதற்குக் கூந்தலே கண்ணில் படாது. ட்ரோலப் கண்டது வேறு: ஊர்ச்சந்தையில் முடி வியாபாரிகள் பெண்களின் கூந்தலைக் கத்தரித்துக்கொண்டிருந்தார்கள். ஈடாகக் கொடுத்தது பெரும்பாலும் துணி. ஒட்ட வெட்டிய தலையைத் தொப்பி மறைத்துவிடும். முடியோ வசதி படைத்த சீமாட்டிகளின் தலையில் சவுரியாக ஏறும். அவரும் அயலார்தாம். ஆனால் முடி யாரிடமிருந்து யாருக்குப் போகிறது, என்ன விலைக்குப் போகிறது என்று பார்த்தார். அதனால்தான் அந்தப் பக்கங்கள் இன்றும் வரலாற்றாசிரியர்களுக்குப் பயன்படுகின்றன.

இரசிக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. இரசனையை அறிவாக விற்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். ஒரு நாட்டின் பெண்களைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதும்போது யார் யார் அந்த வாக்கியத்துக்கு வெளியே நிற்கிறார்கள் என்று ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். கூந்தல், குழல், ஓதி, கதுப்பு, அளகம் என்று ஒன்றை ஐந்தாகப் பிரித்தறிந்த மொழியில் எழுதுபவர்கள் நாம். இலட்சக்கணக்கான பெண்களின் தலைகளுக்கு 'கலைந்த அழகு' என்ற ஒற்றைச் சொல்லை நாமே சூட்டுவது நம் மொழிக்கும் பெருமையன்று.

இதில் இழப்பு என்ன என்று கேட்பவர்களுக்கு என் அக்காள் மகளைத்தான் காட்டுவேன். அவளிடம் 'ஒழுங்கு' கேட்ட மேலாளர் அம்மையார் தீயவர் அல்லர். பிரெஞ்சுப் பெண்ணின் கூந்தல் எப்படி இருக்கும் என்று ஒரு படம் அவர் மனத்தில் இருந்தது. சினிமாவும் விளம்பரமும் அயலார் எழுதிய வியப்புரைகளும் சேர்ந்து வரைந்த படம். அந்தப் படத்தோடு ஒப்பிட்டு, அங்கேயே பிறந்த ஒரு பெண்ணிடம் அவர் குறை கண்டார். எனவே நாம் எழுதும் பத்தி வெறும் பத்தியாக நின்றுவிடுவதில்லை. எங்கோ ஒரு குளியலறையில், விடியலில், ஒரு பெண் அதற்காகச் சூட்டைத் தாங்கிக்கொண்டு நிற்கிறாள்.

சென்ற ஆண்டு அவள் புதுச்சேரிக்கு வந்திருந்தாள். இப்போது வேறிடத்தில் வேலை. முடி சுருளாகவே இருந்தது. "விட்டுட்டியா?" என்று கேட்டேன். "லீவுல மட்டும், சித்தி" என்றாள்.

என் பழைய குறிப்பேட்டை எடுத்து அந்தப் பட்டியலைக் காட்டினேன். தன்னையும் அதில் சேர்க்கச் சொன்னாள். எப்படி எழுதுவது என்று கேட்டதற்கு அவளே சொல்லச் சொல்ல எழுதினேன்: சுருள்முடி, வேலை நாட்களில் காலை நாற்பது நிமிடம், வலது காதின் பின்புறம் சூடுபட்ட தழும்பு ஒன்று. பட்டியலில் கேட்டு எழுதிய குறிப்பு அது ஒன்றுதான்.